எம்டன்

சொற்கள் சில தம் பிறப்பிடத்தை விட்டு நெடுந்தூரம் சென்றுவிடுகின்றன. 'எம்டன்' என்பது அத்தகைய ஒரு சொல். 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகள் மீது குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருளில் மறைந்த ஜேர்மனியப் போர்க்கப்பலின் பெயர் அது. அவ்வாண்டு நவெம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளின் அருகே அவுஸ்திரேலியக் கப்பலொன்றினால் அது அழிக்கப்பட்டது. கப்பல் அழிந்தது, பெயர் அழியவில்லை. தந்திரம் மிக்க, இன்னாரென்று எளிதில் அறிய முடியாத மனிதனைச் சுட்டும் சொல்லாக அது தமிழில் நிலைத்துவிட்டது.

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியை அண்டிய எங்கள் தோட்டத்தில் அப்பெயரால் அழைக்கப்பட்ட ஒருவர் இருந்தார். அவரைப் பற்றியும், அவரைப் பற்றி நாங்கள் பேசியவை பற்றியும், அப்பேச்சினால் விளைந்த ஒரு தீங்கு பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அத்தீங்கில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

தோட்டத்தின் மேற்பிரிவு முடியுமிடத்தில், சவுக்கு மரங்களுக்கு அப்பால், தனியார் நிலம் சில ஏக்கர் இருந்தது. அதில் ஒரு பழைய வீடு. வீட்டைச் சூழத் தேயிலையும் மிளகும். 1983ஆம் ஆண்டுக் கலவரம் ஓய்ந்த மறு வருடம் அவர் அந்நிலத்தை வாங்கிக்கொண்டு வந்தார் என்று என் அம்மாயி சொல்வார். சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் தடையின்றிப் பேசக்கூடியவர். எந்த ஊரவர், என்ன தொழில் செய்தவர், குடும்பம் எங்கே என்பன எவருக்கும் தெரியா. வீட்டுக் கூரைமேல் உயர்ந்ததொரு வானொலிக் கம்பி நின்றது. மாதத்தில் ஒரு முறை கொழும்பிலிருந்து மோட்டார் வண்டி வரும். இரவு தங்கிப் பொழுது விடியுமுன் திரும்பிவிடும். வெளிநாட்டு முத்திரை ஒட்டிய கடிதங்கள் வருவதாகத் தபாற்காரர் சொன்னாராம். ஒரு மனிதனை எம்டன் ஆக்குவதற்கு இவ்வளவும் போதுமானவையாக இருந்தன.

"ஆளு லேசுப்பட்ட ஆளில்ல பிள்ளே. கவர்மெண்டுக்கே கண்ணும் காதும் அவருதான்" என்று அம்மாயி குரலைத் தாழ்த்திச் சொல்வார். பிரட்டுக்களத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் கோயில் திண்ணையிலும் இந்தக் கதை பல உருவில் உலவியது. பின்னாளில் அம்மாயியிடமும் அவர் வயதொத்த பிறரிடமும் நான் கேட்டறிந்தவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. 1987இல் இந்திய அமைதிப் படை வந்த காலத்தில் அவர் இந்திய உளவாளி. 1989இல், தெற்கும் ஊவாவும் இரத்தத்தில் தோய்ந்திருந்த நாள்களில், அவர் இராணுவத்துக்கு ஆட்காட்டுபவர். 1990களில் சிலர் அவரைப் புலிகளின் பணங்காப்பவர் என்றனர். வேறு சிலர் அதே புலிகளைப் பிடித்துக் கொடுப்பவர் என்றனர். போர் முடிந்த பின்னர், நான் பள்ளிக்குச் செல்லும் வயதில், அவர் அமெரிக்காவின் ஆளாக மாறியிருந்தார். மனிதர் ஒருவரே, கம்பியும் ஒன்றே. மாறியது எங்கள் அச்சம். ஒவ்வொரு காலத்திலும் எவர்க்கு அஞ்சினோமோ அவருடைய முகத்தை அந்த வீட்டின் சன்னலில் நாங்கள் கண்டோம். அவருடைய வரலாறென்று நாங்கள் பேசியது உண்மையில் எங்கள் வரலாறே.

இவற்றையெல்லாம் நான் ஏறக்குறைய மறந்திருந்தேன். நினைவூட்டியது விடுதியில் நிகழ்ந்த ஓர் உரையாடல். அமெரிக்கச் செல்வர் ஜெப்ரி எப்ஸ்டீன் பற்றிய செய்திகள் உலகெங்கும் பேசப்பட்ட வேளையில், எங்கள் அறையிலும் அப்பேச்சு நள்ளிரவு வரை நீண்டது. அவர் எந்த நாட்டின் உளவுத்துறைக்காக வேலை செய்தார் என்பதே வாதம். தோழி ஒருத்தி இஸ்ரேல் என்றாள். மற்றொருத்தி அமெரிக்கா என்றாள். இரண்டுமே என்றாள் மூன்றாமவள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சவுக்கு மரங்களும் வானொலிக் கம்பியும் கண்முன் வந்தன. குரலைத் தாழ்த்திப் பேசும் அந்த முறைகூட அம்மாயியினுடையதாகவே இருந்தது.

அச்செய்தியைச் சற்று நிதானமாக நோக்குவோம். எப்ஸ்டீன் மீது புளோரிடா மாநிலத்தில் பொலிஸ் விசாரணை 2005இல் தொடங்கியது. பாதிக்கப்பட்ட சிறுமியர் தம் வாய்மொழியைக் கொடுத்தனர். அவை எழுத்திற் பதிவாயின. எனினும் 2008இல் ஓர் உடன்பாட்டின் வழியே சிறு குற்றங்களை மட்டும் ஒப்புக்கொண்டு, 18 மாதத் தண்டனையில் ஏறக்குறைய 13 மாதங்களையே அவர் அனுபவித்தார். அதிலும் பெரும்பகுதி பகற்பொழுதில் வெளியே சென்று வர அனுமதிக்கப்பட்டிருந்தார். 2019 யூலையில் மீண்டும் கைதாகி, மறு மாதம் சிறையில் இறந்தார். அந்த உடன்பாட்டுக்குப் பொறுப்பாயிருந்த அரச வழக்குத்தொடுநர், அவர் உளவுத்துறையைச் சேர்ந்தவரென்று தமக்குச் சொல்லப்பட்டதாகக் கூறினார் எனப் பத்திரிகையாளர் ஒருவர் 2019இல் எழுதினார். ஆனால் 2020இல் நீதித் திணைக்களத்தின் உள்ளக விசாரணையில், அப்படியோர் அறிவு தமக்கில்லை என்று அவ்வழக்குத்தொடுநர் மறுத்துவிட்டார். உளவு பற்றிய கேள்வி ஐயமாகவே நிற்கிறது. சிறுமியரின் வாய்மொழியோ ஐயமன்று; அது 2005 முதலே ஏட்டில் இருந்தது.

அவருடைய கூட்டாளியென 2021இல் குற்றவாளியாகக் காணப்பட்ட கிலேன் மக்ஸ்வெல்லின் தந்தையும் இதே வகைக் கதைக்கு உரியவரே. றொபேட் மக்ஸ்வெல் 1923இல் செக்கோசுலோவாக்கியாவின் ஏழை யூதக் குடும்பமொன்றில் பிறந்து, பிரித்தானியாவில் பெருஞ்செல்வரானவர். பேர்கமன் பதிப்பகத்தின் அறிவியற் சஞ்சிகைகளைப் பயன்படுத்தியோர் அவர் பெயரை அறிந்திருப்பர். 1984இல் 'டெய்லி மிரர்' பத்திரிகை அவர் கைக்கு வந்தது. 1991ஆம் ஆண்டு நவெம்பர் 5ஆம் நாள் கனேரித் தீவுகளை அண்டிய கடலில் தம் உல்லாசப் படகிலிருந்து விழுந்து இறந்தார். அவர் மொசாட்டுடன் தொடர்புடையவரென்று சீமோர் ஹேர்ஷ் அதே ஆண்டில் ஒரு நூலில் எழுதியிருந்தார். மக்ஸ்வெல் அதனை மறுத்து வழக்கும் தொடுத்தார். இறந்த பின்னர் யெருசலேமில் ஒலிவ மலையில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டமை அந்தப் பேச்சுக்கு மேலும் வலுவூட்டியது. விபத்தா, தற்கொலையா, கொலையா என்று பலரும் இன்றுவரை வாதிடுகின்றனர்.

ஆனால் அவர் இறந்த சில வாரங்களில் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்ட செய்தி ஒன்று உண்டு. தம் நிறுவனங்களின் தொழிலாளருக்குரிய ஓய்வூதிய நிதியிலிருந்து 40 கோடி பவுணுக்கும் மேலான பணத்தை அவர் எடுத்துத் தம் கடன்களுக்குத் தாங்கலாக்கியிருந்தார். அச்சுக்கூடத்தில் முப்பது நாற்பது ஆண்டுகள் மைபடிந்த கைகளோடு நின்றவர்களின் முதுமைக்கான பணம் அது. உளவாளி என்ற கதை இருளும் கடலும் கப்பலும் கலந்தது, கேட்கச் சுவையானது. ஓய்வூதியம் என்பது எண்களும் படிவங்களும் கொண்டது, சுவையற்றது. ஆகவே முன்னதைப் பேசுவோர் பலர். பின்னதை நினைவில் வைத்திருப்போர் சிலர்.

இவ்விடத்தில், செல்வர் மீது ஐயுறுவதே தவறென்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. அதிகாரம் மறைவில் இயங்கும் உலகில் ஐயம் எளியவர்க்கு ஓர் அரண். பத்திரிகையாளரும் நீதிமன்றங்களும் ஐயத்திலிருந்தே தொடங்குகின்றனர். ஆயினும் அவர்கள் ஐயத்தில் தொடங்கிச் சான்றை நோக்கிச் செல்கின்றனர். நாமோ ஐயத்திலேயே குடியிருந்துவிடுகிறோம். மேலும், ஐயம் எல்லார் மீதும் ஒரே எடையில் விழுவதில்லை. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊவாவே போதும்.

பதுளையிலிருந்து புகைவண்டியில் மேலேறினால் பண்டாரவளைக்கு அப்பால் தியத்தலாவை வரும். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் சிறைப்பட்டோருக்காக 1900இல் அங்கே ஒரு முகாம் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். யுத்தம் முடிந்ததும், பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்தோர் நாடு திரும்பினர். அதற்கு இணங்க மறுத்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவர் எங்கல்பிரெக்ட். கையில் ஏதுமற்ற அம்மனிதர் பின்னர் யால வனத்தின் முதலாவது காவலரானார். 1914இல் எம்டன் இந்து சமுத்திரத்தில் திரிந்தபோது, அக்கப்பலுக்கு அவர் எருமை இறைச்சி வழங்கினார் என்றொரு வதந்தி எழுந்தது. சான்று எதுவும் இல்லை. அவர் பிரமாணஞ் செய்ய மறுத்தவர்; கரையோரக் காட்டில் தனித்து வாழ்ந்தவர்; இவ்விரண்டுமே குற்றமாயின. அவர் சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் விடுவிக்கப்பட்டாராயினும், அந்த மாசு நீங்காமலே 1922இல் இறந்தார். பல ஆண்டுகள் கழிந்து, எம்டனில் பணியாற்றிய அதிகாரி ஒருவர் கொழும்புக்கு வந்த காலையில், அக்கப்பல் இலங்கையிலிருந்து இறைச்சி எதனையும் பெறவில்லை என்று தெரிவித்தார். அவ்வுண்மையைக் கேட்க எங்கல்பிரெக்ட் இல்லை.

எங்கள் தோட்டத்து எம்டன் மீது முப்பது ஆண்டுகளாகக் கதை கூறினோம்; அவர் ஒரு நாளேனும் விசாரிக்கப்படவில்லை. உண்மையான எம்டனுக்கு உதவினாரென்று ஒரே ஒரு வதந்தி. வறியவர் சிறை சென்றார்.

மலையகத் தமிழரும் இந்தக் கசப்பை அறிந்தவர்களே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தோம். பின்னர், 1971 கிளர்ச்சிக்கு முன்னைய ஆண்டுகளில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியது. தோட்டத் தொழிலாளர் அதில் இந்தியாவின் கையாட்களாகக் காட்டப்பட்டனர். கொழுந்துக் கூடையைச் சுமந்த பெண்ணொருத்தி ஒரு பேரரசின் ஒற்றராம்! போர்க்காலத்தில், கொழும்பில் கடையொன்றில் வேலைக்கிருந்த என் மாமா ஒருவர் சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டார். அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர், வாயில் தமிழ்: வேறு காரணம் கூறப்படவில்லை. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பதினொரு மாதங்கள் அடைபட்டிருந்து, குற்றச்சாட்டு எதுவுமின்றி வெளியே வந்தார். இன்றும் கதவு தட்டப்படும் ஓசைக்கு அவர் எழுந்து நின்றுவிடுவார்.

2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25ஆம் நாள், பண்டாரவளையை அண்டிய பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் ஒரு கூட்டம் புகுந்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களில் 25க்கும் மேற்பட்டோர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். அவர்கள் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டவர்கள் அல்லர்; சந்தேகிக்கப்பட்டவர்கள். 2003இல் ஐவருக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் எஞ்சியோரையும் விடுதலை செய்தது. வதந்தி ஒரு கூட்டத்தின் கையில் கத்தியாக மாறுவதற்கு எத்துணை நேரம் வேண்டும் என்பதை ஊவா மக்கள் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை.

இனி என் பங்குக்கு வருகிறேன். எம்டன் வீட்டில் காவலராகவும், அவர் நிலத்துத் தேயிலையைப் பராமரிப்பவராகவும் எங்கள் லயத்தைச் சேர்ந்த ஒருவர் வேலை செய்தார். அவர் மகள் பள்ளியில் என் வகுப்பிலேயே படித்தாள். எங்களுக்குப் பத்து வயதிருக்கும். வீட்டிற் கேட்ட கதையை நான் வகுப்பிற் சொன்னேன். சொல்லும்போது சற்று வளர்த்தும் சொன்னேன். "இவ அப்பா எம்டனுக்கு ஆளு. நாம பேசுறதெல்லாம் அங்க போகுது" என்றேன். அன்றுமுதல் அவளருகில் எவரும் அமரவில்லை. அவள் அழவுமில்லை, மறுக்கவுமில்லை. எதனை மறுப்பது என்றே அவளுக்குத் தெரிந்திராது. அடுத்த தவணையில் அவள் பள்ளிக்கு வருவது குறைந்தது, பின்னர் நின்றுவிட்டது. அவள் படிப்பு நின்றதற்கு வறுமையே காரணம் என்று பலரும் சொன்னார்கள். அது ஓரளவு உண்மை. முழு உண்மையை நான் அறிவேன்.

எம்டன் 2017இல் இறந்தார். கொழும்பிலிருந்து உறவினரெனச் சிலர் வந்து, காரியங்களை முடித்து, நிலத்தையும் விற்றுவிட்டுச் சென்றனர். கூரையிலிருந்த கம்பியை இறக்கிப் பார்த்தவர்கள், அது சிற்றலை வானொலி கேட்பதற்கான சாதாரணக் கம்பியே என்றார்கள். அதனாலும் கதை ஓயவில்லை. "உண்மைச் சாமானை ராவோட ராவா எடுத்துட்டாங்க" என்றார் அம்மாயி. சான்று இல்லாமையையே சான்றாகக் கொள்ளும் நிலைக்கு நாங்கள் வந்திருந்தோம்.

விடுதியில் அந்த வாதம் நடந்த பின்னர் வந்த விடுமுறையில், நான் அந்தக் காவலரைத் தேடிச் சென்றேன். மகள் திருமணமாகி லுணுகலைப் பக்கம் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க எண்ணிச் சென்றவள், வாய் வராமல் அவர் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். பேச்சு எம்டனிடம் வந்தது. சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தாரா என்று ஏதோ கேட்க வேண்டுமென்பதற்காகக் கேட்டேன். முதியவர் எழுந்து சென்று ஒரு பிஸ்கற் டின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகளின் சம்பளத் துண்டுகள் நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நேர்த்தியான கையெழுத்தில், ஊழியர் சேமலாப நிதிக்கென 8 வீதம் கழிக்கப்பட்டிருந்தது.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்து, தொழில்கொள்வோர் தம் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து அந்நிதிக்கு அனுப்புதல் வேண்டும். முதியவரிடம் உறுப்பினர் இலக்கமென எதுவும் இல்லை. கணக்கு ஒருபோதும் திறக்கப்பட்டிருக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் கழிக்கப்பட்ட பணம் எங்கும் போய்ச் சேரவில்லை.

"ஏன் மாமா, ஒரு நாளாவது தொழிற் கந்தோருல போய்ச் சொல்லலியா?" என்று கேட்டேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "யாரு மேல பிள்ளே போய்ச் சொல்றது? அவருக்குப் பின்னால கவர்மெண்டே இருக்குன்னு ஊரே சொல்லிச்சே. சொன்னா நம்மள வீட்டோட தூக்கிற மாட்டாங்களா?"

அந்த ஒரு விடையில் முப்பது ஆண்டுப் பேச்சின் பயன் முழுவதும் அடங்கியிருந்தது. எம்டனை இழிவுபடுத்துவதாக எண்ணி நாங்கள் கட்டிய கதை அவருக்கு மதிலாக நின்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பெரும் வல்லமை ஒன்றை அவர் கையில் நாங்களே கொடுத்தோம். அந்த வல்லமைக்கு அஞ்சி ஓர் ஏழை தம் கூலியைக் கேட்காதிருந்தார். அவர் எந்த அரசின் ஒற்றர் என்று ஊரெல்லாம் துப்புத் துலக்கியது. பிஸ்கற் டின்னை ஒருவரும் திறக்கவில்லை. மக்ஸ்வெல்லின் தொழிலாளரும் புளோரிடாவின் சிறுமியரும் என் நினைவுக்கு வந்தனர். சான்று அவர்களிடத்திலும் இருந்தது. கேட்பாரே இல்லை.

மறுநாள் முதியவரோடு பதுளைத் தொழிற் கந்தோருக்குச் சென்றேன். முறைப்பாட்டை நான் தமிழில் எழுதினேன். துண்டுகளின் பிரதிகளை இணைத்தோம். அலுவலர் அவற்றைப் பெற்றுக்கொண்டு பற்றுச்சீட்டு ஒன்றைத் தந்தார். தொழில்கொண்டவர் இறந்துவிட்டமையால் வாரிசுகளைத் தேடவேண்டும், காலஞ் செல்லும் என்றார். இதை எழுதும் வரை முடிவு வரவில்லை. வராமலும் போகலாம். லுணுகலைக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். அதற்கும் விடை வரவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

கந்தோரிலிருந்து திரும்பி, பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது முதியவர் மெதுவாகக் கேட்டார்: "படிச்ச பிள்ளைங்கிறதால கேக்கிறேன். அவரு நெசமாவே யாரு?"

"தெரியாது மாமா" என்றேன். "ஆனா உங்களுக்கு அவரு எவ்வளவு குடுக்கணும்னு கணக்குப் பாத்துச் சொல்ல முடியும்."

பஸ் வரும்வரை இருவரும் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.